ஆல்பத்தில் ஒட்டப்பட்ட போர்: சிப்பாயின் கேமராவும் அரசின் கேமராவும்

போர்ப் படங்கள் குறித்து நம்மிடையே சௌகரியமான ஒரு பிரிவினை இருக்கு. அரசாங்கமும் பத்திரிகையும் காட்டுகிற படம் பொய். களத்தில் நின்ற சிப்பாய் தனக்காக எடுத்துவைத்துக்கொண்ட படம் உண்மை. முன்னது அதிகாரத்தின் பிரதி, பின்னது அதிகாரத்தின் பிடியிலிருந்து நழுவி வந்த பிரதி. இப்படிச் சொல்லிவிட்டால் நம் வேலை சுலபமாக முடிந்துபோகிறது. ஒன்றைக் கட்டுடைக்கலாம், இன்னொன்றை அப்படியே எடுத்து போஸ்டரில் ஒட்டலாம். இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க, இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் ராணுவமான வேர்மாஹ்ட் விட்டுச்சென்ற படங்களைவிட நல்ல இடம் கிடைக்காது. அங்கே இந்த ரெண்டு கேமராவும் ஒரே நேரத்தில், சில சமயம் ஒரே சுவரோரத்தில் நின்றன.

அரசின் கேமராவை முதலில் பார்ப்போம். ஜெர்மன் ராணுவத்தில் 'பிரச்சாரக் கம்பெனி' என்று தனிப் படைப்பிரிவுகளே இருந்தன. போட்டோகிராபர், சினிமாக்காரர், ஓவியர், எழுத்தாளர், வானொலிக்காரர் எல்லாருமே சீருடை போட்ட சிப்பாய்கள்தான். உச்சகட்டத்தில் சுமார் 15,000 பேர். இவர்கள் எடுத்த ஃபிலிம் பெர்லினுக்குப் போய், தணிக்கையாகி, செய்திப் படமாகவும் பத்திரிகையாகவும் வெளியே வந்தது. அவற்றில் பேர்பெற்றது 'சிக்னல்'. 1940 ஏப்ரல் முதல் 1945 வரை வந்த பத்திரிகை. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள். 1943 வாக்கில் 25 லட்சம் பிரதிகள். அந்தக் காலத்திலேயே வண்ணப் பக்கங்கள். வேடிக்கை என்னவென்றால் ஜெர்மனிக்குள் அது விற்கப்படவே இல்லை. ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளுக்கும் நடுநிலை நாடுகளுக்கும்தான் போயிற்று. அடிபட்டவனுக்கு அடித்தவனே தன் முகத்தை அழகாக வரைந்து அனுப்பிய மாதிரி.

இனி அந்தச் சின்ன கேமரா. 1932இல் ஆக்ஃபா கம்பெனி ஒரு தந்திரம் பண்ணியது. ஜெர்மன் காசில் அது எந்த ஊரில் அச்சடிக்கப்பட்டது என்று காட்ட ஓர் எழுத்து பொறித்திருக்கும். ஏ, ஜி, எஃப், ஏ என்ற எழுத்துகள் உள்ள நாலு ஒரு மார்க் காசுகளைக் கொண்டுவந்தால் ஒரு பெட்டிக் கேமரா! ஜனங்கள் சில்லறையைத் துழாவ ஆரம்பித்தார்கள், லட்சக்கணக்கில் விற்றுப்போச்சு. 1939இல் போர் தொடங்கியபோது ஏறத்தாழ பத்து ஜெர்மானியரில் ஒருவரிடம் கேமரா இருந்தது. போர் முடிவதற்குள் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் சீருடை போட்டார்கள். சிப்பாய் படம் எடுப்பதை அரசு பொதுவாகத் தடுக்கவில்லை, ஊக்குவிக்கவே செய்தது. வீட்டிலிருந்து தபாலில் ஃபிலிம் சுருள் வரும், இங்கிருந்து படம் போகும், மனைவியோ அம்மாவோ ஆல்பத்தில் ஒட்டிவைப்பார்கள். ஆகவே 'தனிப்பட்ட' கேமரா என்பதை ஏதோ கள்ளத்தனமான எதிர்ப்புக் கருவியாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சந்தையும் அரசும் சேர்ந்து சிப்பாயின் கழுத்தில் மாட்டியது அது.

இந்த ஆல்பங்களைப் புரட்டினால் என்ன இருக்கும்? ஆற்றில் அம்மணமாகக் குளிக்கும் தோழர்கள். பன்றி அறுப்பு. பதுங்குகுழிக்குள் கிறிஸ்துமஸ் மரம். செத்த குதிரை. வெறுங்காலோடு நிற்கும் உக்ரைன் கிராமத்துப் பெண்கள். ஒரு யூதக் கிழவரின் தாடியை வெட்டுகிறார்கள், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். மரத்தில் தொங்கும் மூன்று பேர், கழுத்தில் அட்டை. அடுத்த பக்கத்தில் மறுபடியும் ஆறு, குளியல். கறுப்பு அட்டையில் வெள்ளை மையால் அழகான கையெழுத்தில் ஊர்ப்பெயர், சில இடத்தில் ஒரு கிண்டல். படங்களைத் தனித்தனியாகப் பிய்த்துப் பார்த்தால் கொலையும் குளியலும் வெவ்வேறு ஆள் எடுத்தது போலத் தோன்றும். பக்க வரிசையாகப் பார்க்கும்போதுதான் அது ஒரே ஆளின் ஒரே பயணம் என்று உறைக்கும். அதனால்தான் பழைய ஆல்பங்களை ஏலச் சந்தையில் விற்பவர்கள் பக்கங்களைக் குலைத்துத் தனிப் படங்களாக விற்பது ஒரு தகவல் அழிப்பும் ஆகிறது. போனது போனதுதான்.

இன்னொன்றையும் கவனிக்கணும். சிப்பாயின் கண் சிப்பாயுடையது மட்டும் இல்லை. போர்க்கைதிகளின் முடிவற்ற வரிசையை மேட்டிலிருந்து எடுப்பது, பிறகு ஒரு முகத்தை மட்டும் நெருங்கி எடுத்து 'ஆசிய இன மாதிரி' என்று எழுதிவைப்பது - இதெல்லாம் செய்திப் படத்தில் அவன் பார்த்துப் பழகிய கோணம். சுமார் 57 லட்சம் சோவியத் கைதிகள் ஜெர்மானியரிடம் சிக்கினார்கள். அவர்களில் 30 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள், பெரும்பாலும் பசியிலும் குளிரிலும். ஆல்பத்திலும் சரி, அரசு சினிமாவிலும் சரி, அவர்கள் வெறும் கூட்டம்தான். பார்வை ஒன்றே, வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. குளியலையும் தூக்குமரத்தையும் அரசு வேறு வேறு கோப்புகளில் வைக்க விரும்பியது. ஆல்பம் அவற்றை ஒரே பசையால் ஒட்டியது.

அரசு இதில் பதறியது எப்போது என்று பார்த்தால் விஷயம் இன்னும் விளங்கும். கிழக்குப் போர்முனை திறந்த சில வாரங்களிலேயே, 1941 ஆகஸ்டில், ஆறாவது படையின் தளபதி ரைஷனாவ் கொலைகளை வேடிக்கை பார்ப்பதையும் படம் எடுப்பதையும் தடைசெய்தார். தடை கொலைக்கு இல்லை. மாக்ஸ் டொய்ப்னர் என்ற எஸ்.எஸ். அதிகாரியின் வழக்கு இதைப் பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. உக்ரைனில் மேலிடத்து உத்தரவில்லாமலே நூற்றுக்கணக்கான யூதர்களைக் கொன்றவன். 1943 மே மாதம் எஸ்.எஸ். நீதிமன்றம் அவனை விசாரித்தது. யூதர்களைக் கொன்றதற்காகத் தண்டிக்கத் தேவையில்லை என்று தீர்ப்பு சொன்னது. அநாகரிகமாக, குரூரமாக நடந்துகொண்டதும், படங்கள் எடுத்ததும், அவற்றை மனைவிக்கும் நண்பர்களுக்கும் காட்டியதும்தான் குற்றம்! பத்து வருஷம் சிறை. 1945 ஜனவரியில் மன்னித்தும் விட்டார்கள்.

எதிர்த்திசையில் ஒரு சம்பவம். செர்பியாவில் பான்செவோ என்ற ஊர், 1941 ஏப்ரல் 22. கல்லறைச் சுவரோரம் 18 பேரைச் சுட்டார்கள். இன்னும் 18 பேரைத் தூக்கிலிட்டார்கள். அதை ஒவ்வொரு கட்டமாகப் படமெடுத்தவர் கெர்ஹார்ட் க்ரோனஃபெல்ட். அவர் அமெச்சூர் இல்லை, பிரச்சாரக் கம்பெனியின் ஆள், 'சிக்னல்' பத்திரிகைக்கும் எடுத்தவர். அந்தப் படங்களை மட்டும் மேலதிகாரிகளிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டார். அதே இடத்தில் ஒரு சாதாரணச் சிப்பாய் சினிமா கேமராவில் அதையே பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்லுங்கள், எது அரசின் படம், எது தனிமனிதனின் படம்? எடுத்தவன் யார் என்பதை வைத்து மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது. எடுத்த பிறகு அந்த ஃபிலிம் எங்கே போச்சு, யார் வைத்திருந்தார்கள், எப்போது வெளியே விட்டார்கள் என்று பின்தொடர வேண்டியிருக்கு.

போர் முடிந்தபிறகு, தோற்ற அரசின் படம்தான் ஜெயித்தது. ஹில்மார் பாபெல் போன்ற பிரச்சாரக் கம்பெனி போட்டோகிராபர்கள் மேற்கு ஜெர்மனியின் புதிய பத்திரிகைகளில் பேர்பெற்ற ஆட்களானார்கள். சேற்றிலும் பனியிலும் துன்பப்பட்ட சாதாரணச் சிப்பாய், அவனுக்கும் கொலைக்கும் சம்பந்தமில்லை, அதெல்லாம் எஸ்.எஸ். செய்தது - இந்தக் கதையாடல் ஐம்பது வருஷம் ஓடியது. ஆல்பம் பரணில் கிடந்தது. வார்சா யூதச் சேரிக்குள் 1941 செப்டம்பர் 19 அன்று, தன் பிறந்தநாளில், கேமராவோடு நடந்துபோய் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த சார்ஜெண்ட் ஹைன்ரிஷ் யோஸ்ட், 1980களின் தொடக்கத்தில்தான் அவற்றை ஒரு பத்திரிகையாளர் கையில் கொடுத்தார். நாற்பது வருஷம்!

பரண் திறந்தது 1995 மார்ச்சில். ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம், ஹானஸ் ஹேர் தலைமையில் தொகுத்த 'அழித்தொழிப்புப் போர்: வேர்மாஹ்டின் குற்றங்கள்' என்ற கண்காட்சி. பெரும்பங்கு சிப்பாய்களின் படங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். ஆராய்ச்சி நூல்களில் பல வருஷமாகச் சொல்லப்பட்டுவந்த விஷயம்தான் அது. யாரும் தெருவுக்கு வரவில்லை. படம் சுவரில் தொங்கியதும் வந்துவிட்டார்கள். 1997இல் மியூனிக் நகரில் நவ நாஜிகள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். 1999 மார்ச்சில் சார்புருக்கனில் குண்டு வெடித்தது. கோபத்தின் காரணம் எளிது: வந்தவர்கள் படங்களில் அப்பாவைத் தேடினார்கள். வியன்னாவில் கண்காட்சி நடந்தபோது ரூத் பெக்கர்மன் எடுத்த ஆவணப்படம் இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கேமராவைச் சுவரில் உள்ள படங்களின் பக்கம் திருப்பாமல், அவற்றின் முன் நின்ற கிழட்டுச் சிப்பாய்களின் முகங்களில் நிறுத்தினார். ஒருவர் நான் பார்த்தேன் என்கிறார். பக்கத்தில் நிற்பவர் அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று சண்டைக்கு வருகிறார். ரெண்டு பேரும் ஒரே போர்முனையில் இருந்தவர்கள்.

பிறகு வந்தது அடி. அது எதிரிகளிடமிருந்து மட்டும் வரவில்லை என்பதை நாம் சேர்த்துப் படிக்கணும். 1999இல் போலந்து வரலாற்றாளர் போக்டான் முசியாவும் ஹங்கேரிய வரலாற்றாளர் கிறிஸ்டியான் உங்வாரியும் சில படங்களின் விளக்கம் தப்பு என்று காட்டினார்கள். ஸ்லோச்சூவ், டார்னோபோல் போன்ற ஊர்களில் படத்தில் கிடந்த பிணங்கள் சோவியத் ரகசியப் போலீஸ் 1941 ஜூனில் பின்வாங்கும் முன் சிறையில் கொன்றுபோட்டவர்களுடையவை. அந்தப் பிணங்களைத் தோண்டி எடுக்க யூதர்களை இழுத்துவந்து, பழியை அவர்கள்மேல் போட்டு, அதே இடத்தில் கொன்றார்கள். ஒரு கொலையின் பிணங்களும் அடுத்த கொலையின் ஆரம்பமும் ஒரே முற்றத்தில். படத்தைப் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. 1999 நவம்பரில் கண்காட்சி நிறுத்தப்பட்டது. எட்டு வரலாற்றாளர்கள் கொண்ட குழு ஒரு வருஷம் ஆராய்ந்தது. இருந்த 1433 படங்களில் அங்கே இடம்பெறக் கூடாதவை இருபதுக்கும் குறைவு. திரிப்பு எதுவும் இல்லை, அடிப்படை வாதம் சரி, ஆனால் படங்களைக் கையாண்டதில் அசட்டை. இருபது போதும் அவர்களுக்கு. எல்லாமே பொய் என்று கொண்டாடித் தீர்த்தார்கள். 2001 நவம்பரில் பெர்லினில் திறந்த இரண்டாவது கண்காட்சியில் படங்கள் வெகுவாகக் குறைந்தன, ஆவணங்களும் எழுத்தும் நிறைந்தன. அது மறுக்க முடியாத வேலை. ஆனால் ஆல்பத்தின் அந்தக் கூச்சமற்ற சிரிப்பு சுவரிலிருந்து இறங்கிவிட்டது. இந்த இழப்புக்கு மறுப்பாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. படத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் முன்பக்கத்தை மட்டும் மாட்டியவர்களுக்கும் பங்கு உண்டு.

இதை எழுதும்போது முள்ளிவாய்க்கால் ஞாபகம் வராமல் இருக்குமா? 2009இல் சுயேச்சையான பத்திரிகையாளர்களை அண்டவிடாமல் நடத்தப்பட்ட போர் அது. 'மனிதாபிமான நடவடிக்கை' என்றது இலங்கை அரசு. எதிர்த்தரப்பில் புலிகளின் நிதர்சனமும் தனக்கு வேண்டிய வீரப் படங்களையே தயாரித்துவந்தது. கட்டப்பட்ட, அம்மணமான ஆட்களைப் பின்னாலிருந்து சுடும் காட்சி 2009 ஆகஸ்டில் சேனல் 4 தொலைக்காட்சியில் வெளியானது. சிப்பாயே செல்போனில் எடுத்துக்கொண்டது. போலி என்றது அரசு. 2010 ஜனவரியில் ஐ.நா. அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன், தனித்தனித் துறை வல்லுநர்கள் மூவர் பரிசோதித்ததை வைத்து அது உண்மையானதாகவே தெரிகிறது என்றார். அது நிற்கக் காரணம் அந்த வறண்ட பரிசோதனைதான். நாம் என்ன செய்தோம்? கொன்றவன் வெற்றிச் சின்னமாக எடுத்த பெண்களின் உடல்களைப் பெரிசுபண்ணி, எங்கே, எப்போது, யார் என்று ஒரு வரிகூட இல்லாமல், ஃப்ளெக்ஸ் பேனரில் தலைவர் படத்துக்குக் கீழே போட்டோம். வீட்டாரைக் கேட்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கோபம் நம்முடையது, பார்த்த கண் மட்டும் அந்தச் சிப்பாயுடையது. நானும் அந்தக் கூட்டங்களில் நின்றவன்தான்.

அதே 2009இல் மின்ஸ்க் நகரில் ஒரு பெயர்ப்பலகை மாற்றப்பட்டது. 1941 அக்டோபர் 26 அன்று அந்த ஊர் ஈஸ்ட் ஆலை வாசலில் மூன்று பேரைத் தூக்கிலிட்டார்கள்: ஒரு ஆண், பதினாறு வயதுப் பையன், பதினேழு வயதுப் பெண். ஜெர்மன் துருப்புகளைச் சுட்ட கொரில்லாக்கள் என்று கழுத்தில் அட்டை. ஜெர்மானியரோடு இருந்த லிதுவேனியத் துணைப்படையைச் சேர்ந்தவன் படமெடுத்தான். ஃபிலிம் கழுவக் கொடுத்தது மின்ஸ்கில் ஒரு ஸ்டுடியோவில். அங்கே வேலைபார்த்த அலெக்ஸி கோஸ்லோவ்ஸ்கி, ஜெர்மானியர் கொடுக்கிற இப்படிப்பட்ட படங்களுக்கெல்லாம் கூடுதலாக ஒரு பிரிண்ட் போட்டு ஒளித்துவைத்துக்கொண்டிருந்தார். இந்த வரிசையும் அதில் இருந்தது. சிப்பாயின் நினைவுப் பொருள் சாட்சியமாக மாறியது அந்த இருட்டறையில், அந்தக் கூடுதல் பிரிண்டில்.

படங்கள் சோவியத் அருங்காட்சியகங்களிலும் புத்தகங்களிலும் வந்தன. ரெண்டு ஆண்களுக்குப் பெயர் இருந்தது. பெண் மட்டும் 'அடையாளம் தெரியாதவள்'. காயம்பட்ட சோவியத் கைதிகள் தப்பிக்க உதவிய மாஷா புருஸ்கினா, யூதப் பெண், என்று 1968இல் பத்திரிகையாளர்கள் சாட்சிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதிகாரிகள் ஏற்கவில்லை. அந்தப் பெயர் பலகையில் ஏற இன்னும் நாற்பது வருஷம் ஆயிற்று.

முக்காலியில் ஏற்றியதும் அவள் வேலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாளாம். கூட்டத்தைப் பார்க்கும்படி பிடித்துத் திருப்பினார்கள். மறுபடியும் முதுகைக் காட்டி நின்றாள். எத்தனை முறை தள்ளியும் திரும்பவில்லை. அப்படியேதான் முக்காலியை உதைத்தார்கள். இதைச் சொன்னது படம் இல்லை, அன்றைக்கு அங்கே நின்றிருந்த ஒருவர்.