லினர்ட் ஸ்கினர்ட்: நிறுவனர்கள் இல்லாமல் தொடரும் பெயர்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உருவான 'சதர்ன் ராக்' இசையின் முன்னணிக் குழுக்களில் ஒன்றான லினர்ட் ஸ்கினர்ட், 1960களில் புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் தோன்றியது.

1976 ஜூலையில் அட்லாண்டாவின் ஃபாக்ஸ் அரங்கில் பதிவான 'ஒன் மோர் ஃப்ரம் த ரோட்' அதன் முதல் நேரடி இசைத்தொகுப்பாகும். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் கெய்ன்ஸ் அவ்வாண்டுதான் குழுவில் இணைந்திருந்தார்.

அந்த அணி நீடிக்கவில்லை. 1977 அக்டோபர் 20ஆம் தேதி மிசிசிப்பி மாநிலத்தில் நிகழ்ந்த விமான விபத்தில் பாடகர் ரோனி வான் ஸான்ட், கெய்ன்ஸ் உட்பட ஆறு பேர் உயிரிழந்தனர், குழு கலைந்தது.

1987இல் உயிர் பிழைத்தோர், ரோனியின் தம்பி ஜானியைப் பாடகராகக் கொண்டு அஞ்சலிப் பயணம் மேற்கொண்டனர். அதன் தொடக்க நிகழ்ச்சிகளில் 'ஃப்ரீ பேர்ட்' பாடலை ஜானி பாடவில்லை. வாத்தியங்கள் மட்டுமே ஒலித்தன. அப்பயணத்தின் நேரடிப் பதிவு 1988இல் வெளியானது.

நிறுவன உறுப்பினர்களில் கடைசியாக எஞ்சியிருந்த கேரி ரோசிங்டன் 2023 மார்ச் 5ஆம் தேதி காலமானார். அதன் பின்னரும் குழு அதே பெயரில் மேடையேறியது.

பாடல்கள் வாழும்வரை குழுவும் வாழும் என்பது ஆதரவாளர்களின் வாதம். ஆனால், 1976ஆம் ஆண்டுப் பதிவில் ஒலிக்கும் அணியைப் பெயரால் மட்டும் மீட்க இயலாது என்பதும் மறுக்க முடியாதது.