சிற்றறைக்குள் ஒளிந்த பொறியியலாளர்

முதலாளிக்கும் பொறியியலாளருக்கும் மோதல் என்றதும், இலட்சியம் பின்னவரிடமும் வியாபாரக் கணக்கு முன்னவரிடமும் இருக்குமென்றே எண்ணுகிறோம். அப்பிள் நிறுவனத்தின் மக்கின்டோஷ் கணினி பிறந்த கதை இந்த எண்ணத்தைக் குழப்பிவிடுகிறது.

1979இல் ஜெஃப் ரஸ்கின் அதனைச் சாதாரண மக்களுக்கான மலிவுக் கணினியாகவே திட்டமிட்டார். 1981இல் திட்டம் ஸ்டீவ் ஜொப்ஸின் கைக்கு மாறியது. அதன் பின்னர் அழகே சட்டமாயிற்று. உறைக்குள் மறைந்து கிடக்கும் மின்சுற்றுப் பலகையும் பார்வைக்கு அழகாயிருக்க வேண்டுமென அடம்பிடித்தார். அவ்வாறு அமைத்த பலகை சரிவர இயங்காமற்போகவே, பழைய அமைப்புக்குத் திரும்ப நேர்ந்தது. இரைச்சல் ஆகாதென்பதால் மின்விசிறிக்கும் இடமில்லை. பாவனையாளர் உறையைத் திறந்து எதனையும் சேர்க்கவும் கூடாது. நினைவகமோ வெறும் 128 கிலோபைட். ஆனாலும், படைப்பாளிகள் தம் படைப்பில் கையொப்பமிட வேண்டுமென்று கூறி, 1982இல் குழுவினரின் கையொப்பங்களைப் பெற்று உறையின் உட்புறத்திலே பொறிக்கச் செய்தவரும் அவரே.

128 போதாதென்பதைப் பலகையை வடிவமைத்த பரெல் ஸ்மித் அறிந்திருந்தார். 512 கிலோபைட்டுக்கு உயர்த்துவதற்கான இணைப்புகளை ஓசைப்படாமல் அதிலேயே சேர்த்துவைத்தார்.

இதைவிடச் சுவையானது நெகிழ்வட்டு இயக்கியின் கதை. அப்பிள் சொந்தமாகத் தயாரித்த இயக்கி நம்பத்தக்கதாக இல்லை. சொனியின் மூன்றரை அங்குல இயக்கியே தகுந்தது என்றனர் பொறியியலாளர்கள். அல்ப்ஸ் என்னும் இன்னொரு ஜப்பானிய நிறுவனத்தைக் கொண்டு அத்தகைய இயக்கியைச் செய்விக்கலாம், சொனியுடனான வேலையை நிறுத்துங்கள் என்று பணித்தார் ஜொப்ஸ். பொப் பெல்வில், ஜோர்ஜ் குரோ இருவரும் பணியவில்லை. இரகசியமாக வேலையைத் தொடர்ந்தனர். ஒருநாள் ஜொப்ஸ் எதிர்பாராமல் வந்துவிட, அங்கிருந்த சொனிப் பொறியியலாளரைத் துப்புரவுப் பொருட்கள் வைக்கும் சிற்றறைக்குள் ஒளித்துவைத்தார்கள். பாவம், விருந்தாளியாக வந்தவர்! குறித்த காலத்துக்குள் அல்ப்ஸினால் இயலாதென்று தெரியவந்தபோது கைகொடுத்தது அந்த இரகசிய வேலைதான். ஜொப்ஸ் தன் கர்வத்தை விழுங்கிக்கொண்டு, கட்டளையை மீறியமைக்காக அவர்களுக்கு நன்றி கூறினார்.

அவரும் ஓரிடத்தில் தோற்றார். 1,995 டொலருக்கு விற்கலாமென்றே குழுவினர் நம்பியிருந்தனர். விளம்பரச் செலவை ஈடுசெய்ய வேண்டுமென்று நிறுவனத் தலைவர் ஜோன் ஸ்கலி 500 டொலரைக் கூட்டினார். 1984 ஜனவரி 24ஆம் திகதி மக்கின்டோஷ் வெளியானபோது விலை 2,495 டொலர்.

அவ்வாண்டு செப்டெம்பரிலேயே 512 கிலோபைட் மாதிரி வந்துவிட்டது. 1985இல் ஜொப்ஸ் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். 1987இல் வந்த மக்கின்டோஷ் எஸ்.இ. மாதிரியில் மின்விசிறி சுழன்றது.