பப்பாளி மாவுப்பூச்சி

செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் பப்பாளி மாவுப்பூச்சிக்கு மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தாயகம். இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. வெகு விரைவில் திருப்பூர், ஈரோடு பக்கமும் பரவி, வீட்டுக் கொல்லைப் பப்பாளியையும் உடுமலைப்பேட்டை வட்டாரத்து மல்பெரித் தோட்டங்களையும் ஒருசேரப் பிடித்தது. கொய்யா, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் எல்லாமே இதற்கு இரை. ஒரு மரத்தைச் சுத்தம் செய்தால் பக்கத்துச் செடியிலிருந்து மறுபடி ஏறிவிடும் என்பதால், மரத்துக்கு மரம் மருந்தடித்து இதை ஒழிக்க முடியாது. இயற்கை எதிரியைக் கொண்டுதான் அடக்க முடியும். தமிழ்நாட்டில் நடந்ததும் அதுதான்.

அடையாளம் காண்பது எளிது. இலையைத் திருப்பினால் நரம்போரமாக வெள்ளையாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். திருப்பூரில் பஞ்சுத்தூசி படிந்ததோ என்றுகூட எண்ணத் தோன்றும். விரலால் நசுக்கினால் மஞ்சள் நீர் கசியும். பஞ்சு அப்படிக் கசியாது. பூச்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவு கீழ் இலைகளில் பிசுபிசுவென்று படிய, அதன்மேல் கரும்பூசணம் வளரும். அந்த இனிப்பைத் தேடி எறும்புகள் தண்டில் சாரையாக ஏறும். மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுவதும் இந்த எறும்புகளே. ஆகவே எறும்புச் சாரையைக் கண்டதுமே இலையடியைப் பார்த்துவிடுவது நல்லது. முற்றிய நிலையில் குருத்து சுருண்டு, காய் முழுதும் வெண்மை போர்த்தி உதிரும்.

பூச்சிமருந்து ஏன் தோற்றது? பூச்சியின் உடலையும் முட்டைப் பையையும் மெழுகுப் பூச்சு மூடியிருக்கிறது. தெளித்த மருந்து அதன்மேல் உருண்டோடிவிடுகிறது. ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடுவதால் தப்பியவை சில வாரங்களில் பெருகிவிடும். அதே மருந்து, மாவுப்பூச்சியைத் தின்னும் ஸ்பால்ஜிஸ் வண்ணத்துப்பூச்சியின் புழுவைத் தவறாமல் கொன்றுவிடும். மல்பெரியில் கேடு இன்னும் பெரிது: நஞ்சு தங்கிய இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும். இலையை நம்பிப் புழு வளர்க்கும் குடும்பத்துக்கு மருந்தும் பூச்சியும் ஒரே அளவு எதிரிகள்.

2010-இல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே உள்ளிட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரின் தேசியப் பூச்சி ஆய்வு மையத்துக்கு வந்தன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டது. அடுத்த ஆண்டிலேயே தாக்குதல் பெருமளவு தணிந்தது. அயல்நாட்டுப் பூச்சியை அடக்க இன்னோர் அயல்நாட்டுப் பூச்சியா என்ற கேள்வி நியாயமானது. ஒரு மில்லிமீட்டரும் இல்லாத இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டே இனம் பெருக்குகிறது. பயிரைத் தின்பதில்லை, மனிதரைக் கொட்டுவதில்லை. தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே வெளியே விடப்பட்டது. குளவி பெருகுமுன் காய் போய்விடுமே என்பது அடுத்த கவலை. வீட்டு மரமானால் அதுவரை வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். மோசமான இலைகளைக் கிள்ளி எரிக்கலாம். கிள்ளுமுன் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்: மாவுப்பூச்சிகள் பழுப்பேறி, விறைத்து, முதுகில் சிறு துளையோடு இருந்தால் உள்ளிருந்த குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். துளை இல்லாத பழுப்பு உடல்களுக்குள் இன்னும் குளவி வளர்ந்துகொண்டிருக்கும். அந்த இலையை மரத்திலேயே விட்டுவிட வேண்டும்.