ஒரே போர், இரண்டு திரைகள்

ஒரு திரையில் மூழ்கிப்போன விமானந்தாங்கிக் கப்பல், எதிராளியின் திரையில் புகைந்துகொண்டே துறைமுகம் திரும்புகிறது. மின்னஞ்சல் வழியே ஆடப்படும் கணினிப் போர் விளையாட்டுகளில் இது பழைய வியாதி. 2004இல் வெளிவந்து, 2009இல் விரிவுபடுத்தப்பட்ட ‘வார் இன் த பசிபிக்’ ஆட்டத்தில் 1941 டிசம்பரில் தொடங்கும் முழுப் போரை நாளுக்கு ஒரு முறையாக ஆடினால் 1,500 முறைகளுக்கு மேல் போகும். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் அப்படியொரு ஆட்டத்தில், நடந்த சண்டையைக் காட்டும் ரீப்ளே ஒன்றைச் சொல்லி, சேமித்த கோப்பு இன்னொன்றைச் சொன்னால் எதை நம்புவது? ‘கிளிட்ச்’ என்று பெயர் வைத்துப் படக்கோளாறு கணக்கில் இதைத் தள்ளிவிடுவதே வழக்கம். ஆனால் இந்த விளையாட்டின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், கோளாறின் வேர் திரையில் இல்லை என்பது தெரியும். நடுவர் இல்லாத ஆட்டத்தில் எது நடந்தது என்று தீர்ப்புச் சொல்வது யார் என்ற தபால் காலத்துக் கேள்விதான் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

1824இல் லண்டன், எடின்பரோ சதுரங்கக் கழகங்கள் கடிதம் மூலம் ஆடத் தொடங்கிய போட்டி 1828 வரை நீண்டது. அதற்கு நடுவர் தேவைப்படவில்லை. சதுரங்கத்தில் பகடையும் இல்லை, மறைவும் இல்லை. இருவரும் தத்தம் பலகையில் காயை நகர்த்தினால் போதும், பலகைகள் ஒத்தே இருக்கும். அதே 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் பகடையும் உண்டு, எதிரியின் படை கண்ணுக்குத் தெரியாத நிலையும் உண்டு. அதனால் நடுவர் இல்லாமல் ஆட்டமே இல்லை. போர் விளையாட்டைத் தபாலில் ஏற்ற முயன்ற அமெரிக்கர்கள் இந்த இரண்டு முடிச்சுகளையும் அவிழ்க்க வேண்டியிருந்தது. 1963இல் தபால் வழி ‘டிப்ளமசி’ தொடங்கியபோது ரகசிய உத்தரவுகளை வாங்கித் தீர்ப்புச் சொல்ல ஒருவர் நடுவில் அமர்ந்தார். அவலான் ஹில் நிறுவனத்தின் ஆட்டங்களைத் தபாலில் ஆடியவர்கள் பகடைக்குப் பதில் பங்குச் சந்தையை நாடினார்கள். எந்தப் பங்கு, எந்தத் தேதி என்று முன்கூட்டியே கடிதத்தில் எழுதிவிடுவார்கள். அன்றைய பட்டியலில் வரும் எண்ணின் கடைசி இலக்கமே பகடை. இருவருக்கும் தெரியும், இருவராலும் மாற்ற முடியாது. 1970இல் ரிக் லூமிஸ் தொடங்கிய ஃப்ளையிங் பஃபலோ நிறுவனம் நடுவர் வேலையைக் கணினியிடம் கொடுத்தது. அப்போதும் கணினி ஒன்றுதான், தீர்ப்பும் ஒன்றுதான்.

மின்னஞ்சல் வந்த பிறகு நடுவர் இரண்டாகப் பிளந்தார். ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு கணினி, ஒவ்வொன்றிலும் ஆட்டத்தின் ஒரு பிரதி. முதலாமவர் உத்தரவுகளைக் கடவுச்சொல் போட்டு அனுப்புவார். இரண்டாமவர் தன் உத்தரவுகளைச் சேர்த்துத் திருப்புவார். ஒருவர் கணினியில் சண்டை கணக்கிடப்படும். மற்றவர் அதை ரீப்ளேயில் பார்ப்பார். மோடம் காலத்தில் சண்டைக் காட்சி முழுவதையும் அனுப்புவது பெரும்பாடு. ஆகவே பல ஆட்டங்கள் குறுக்குவழி ஒன்றைப் பிடித்தன. தொடக்க நிலையையும் உத்தரவுகளையும் தற்செயல் எண்களைப் பிறப்பிக்கும் ஒரு ‘விதை’ எண்ணையும் அனுப்பினால் போதும்; பெறுபவரின் கணினி அதே சண்டையை மறுபடி கணக்கிட்டுக் காட்டிவிடும். 1993இல் வந்த ‘டூம்’ ஆட்டத்தின் பதிவுகளும் இப்படித்தான்: வீரர் அழுத்திய விசைகள் மட்டுமே கோப்பில் இருக்கும், மற்றதெல்லாம் மீண்டும் நிகழ்த்தப்படும். தொலைபேசியில் கோலம் சொல்லித் தருவது போன்றது இது. படத்தை அனுப்புவதில்லை, பதினைந்து புள்ளி, ஒன்று வரை, இப்படி இழு என்கிறோம். நேர்ப்புள்ளியை ஊடுபுள்ளி என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அவர் வாசலில் விழுவது வேறு கோலம். அதில் ஒரு கோடுகூடக் கோணல் இருக்காது. ஆனால் சொன்ன கோலம் அது இல்லை.

இந்த வேறுபாடு மிகச் சிறியதாக இருந்தாலே போதும். 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கணினியில் இட்டபோது, சிறிது நேரத்தில் முற்றிலும் வேறு வானிலை பிறந்தது. 1997இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஆட்டத்தை உருவாக்கியவர்கள், வரைபடத்தில் ஒரு மான் மயிரிழை இடம் மாறியிருந்ததால் சில நிமிடங்கள் கழித்து ஒரு வேடனின் ஈட்டி குறிதவறும் என்று பின்னர் எழுதினார்கள். போர் விளையாட்டிலும் நடப்பது இதுவே. ஒருவர் புதிய பேட்சைப் போட்டிருப்பார், மற்றவர் பழைய பதிப்பில் இருப்பார். ஒருவர் தரவுக் கோப்பைத் திருத்தியிருப்பார். ஒரு செயலியின் தசமக் கணக்கு கடைசி இலக்கத்தில் மாறலாம். ஒரே ஒரு தற்செயல் எண் கூடுதலாக எடுக்கப்பட்டாலும், அதற்குப் பின் வரும் பகடைகள் எல்லாம் ஓர் இடம் நகர்ந்துவிடும். எனவே வைத்தியமும் அந்த வரிசையிலேயே போக வேண்டும். முதலில் ரீப்ளேயை விட்டுவிட்டுச் சேமித்த கோப்பில் கப்பல் இருக்கிறதா என்று பார்ப்பது. பின் பதிப்பு, தரவு, அமைப்புகளை ஒப்பிடுவது. வழியில் கோப்பு சிதைந்ததா என்று அறிய ஜிப் செய்து அனுப்புவது. அதே கணினியில் ரீப்ளேயை இருமுறை ஓட்டிப் பார்ப்பதும் பயன் தரும். இரண்டு முறையும் ஒரே மாதிரித் தவறினால் இரு கணினிகளுக்கும் கிடைத்த உள்ளீடுகளில் வேறுபாட்டைத் தேடலாம். ஒவ்வொரு முறையும் வேறாகத் தவறினால் நிரலையே சந்தேகிக்கலாம்.

சேமித்த கோப்புதானே சட்டம், ரீப்ளே வெறும் வேடிக்கை, அதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். எதிரியின் படை மறைந்திருக்கும் ஆட்டத்தில் இந்த வாதம் நிற்காது. எதிரிக் கப்பல் மூழ்கியதா தப்பியதா என்பதை ஆட்டக்காரர் பெரும்பாலும் ரீப்ளேயில் இருந்தே ஊகிக்கிறார். தவறான ரீப்ளேயை நம்பி அடுத்த உத்தரவை எழுதுகிறார். அதைவிடக் கொடியது சந்தேகம். சண்டையைக் கணக்கிடும் பொறுப்பில் இருப்பவர் சாதகமான முடிவு வரும்வரை மீண்டும் மீண்டும் ஓட்டியிருப்பாரோ என்ற எண்ணம், ஆண்டுக்கணக்கான நட்பையே அரித்துவிடும். இன்னொரு மறுப்புக்கு வலு அதிகம்: மோடம் போய் அகன்ற அலைவரிசை வந்துவிட்டது, காட்சியை அப்படியே பதிந்து அனுப்பினால் என்ன? அனுப்பலாம்; ரீப்ளே முரண்பாடு அதோடு தீரும். ஆனால் முன்கூட்டியே நிலைநிறுத்திய விதைக்கு இன்னொரு பணியும் உண்டு. எத்தனை முறை ஓட்டினாலும் அதே முடிவு வரும் என்பதால், திரும்ப ஓட்டி ஏமாற்றும் வழியை அது அடைக்கிறது. பதிவு செய்த படம் இந்தக் காவலைத் தராது. என்ன நடந்தது என்று மட்டுமே காட்டும், அது எத்தனையாவது முயற்சி என்று சொல்லாது.

ஆக, விதை எண் செய்வது அந்தப் பங்குச் சந்தை இலக்கத்தின் வேலைதான். இரண்டையும் ஆட்டக்காரர் எவரும் தம் விருப்பப்படி வளைக்க முடியாது. ஆனால் அவலான் ஹில் ஆட்டக்காரர்கள் இருவர் வீட்டுக்கும் அதே பங்குப் பட்டியல்தான் வந்தது. கணினிக் காலத்தில் விதை ஒன்றாக வந்தாலும் அதை வாசிக்கும் நிரல் ஒன்றாக இருக்கும் என்ற உறுதி இல்லை. பதிப்பையும் தரவையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் ஒவ்வொரு ஆட்டக்காரரும், இரண்டு வீட்டுக்கும் ஒரே பட்டியல் வந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.