திருவனந்தபுரத்தில் சத்தம் தேடியவர்கள்

1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் அரசின் பேருந்துத் துறை தொடங்கியது. முதல் பேருந்தின் முதல் பயணிகள் மகாராஜா சித்திரைத் திருநாளும் அவர் உறவினர்களும். ஸ்டியரிங் பிடித்தவர் ஈ. ஜி. சால்டர். லண்டன் பயணிகள் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிவிட்டு, 1937 செப்டம்பரில் இந்தத் துறையின் கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்டவர் அவர். பின்னால் 33 பேருந்துகள் வரிசை கட்டி, கவடியார் சதுக்கம் வரை ஊர்வலம் போயின. மறுநாளே களியக்காவிளைக்குப் பேருந்து ஓடத் தொடங்கிவிட்டது.

அந்த நாளைப் பற்றி எழுதுகிறவர்கள் தோல் இருக்கைகளைச் சொல்வார்கள், சக்கரம் என்ற திருவிதாங்கூர் நாணயத்தில் வாங்கிய கட்டணத்தைச் சொல்வார்கள், கண்டக்டர் வேலைக்குப் பட்டதாரிகள் வந்ததைச் சொல்வார்கள். வண்டி எழுப்பிய சத்தம் அந்தக் கதைகளில் இடம்பெறுவது அரிது. ஆனால் ஒரு காரில் விடாமல் கேட்கும் ‘டொக்’கை இந்த ஊர்ப் பட்டறை இன்று எப்படித் தேடுகிறது என்று புரிந்துகொள்ள, அந்தச் சத்தத்தில்தான் தொடங்க வேண்டும்.

சால்டர் தருவித்தவை 60 காமர் சேஸிகள். இங்கிலாந்திலிருந்து வந்த அவற்றில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் இருந்தன. பீட்டர்பரோ நகரில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் தன் நிறுவனத்தைத் தொடங்கியதே 1932-இல்தான். வேகமாகச் சுழலும் சிறிய டீசல் எஞ்சின் உலகத்துக்கே புதிது. பெட்ரோல் வண்டிகளைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இன்னும் புதிது. டீசலில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் கொதிக்கும் காற்றில் எண்ணெயைப் பீய்ச்சுகிறார்கள். பீய்ச்சிய கணத்துக்கும் அது பற்றிக்கொள்ளும் கணத்துக்கும் நடுவே சிறு தாமதம் இருக்கிறது. அந்த இடைவெளியில் சேர்ந்துவிட்ட எண்ணெய் ஒரேயடியாகப் பற்றும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் சட்டென்று ஏறி ஓர் அடி விழுகிறது. நல்ல நிலையில் இருக்கும் டீசல் எஞ்சினும் இப்படித்தான் தட்டிக்கொண்டே ஓடும். ஆகவே டீசல் பட்டறையில் வேலை பழகுகிறவனுக்கு முதல் பாடமே, எந்தத் தட்டல் எஞ்சினின் இயல்பு, எது நோய் என்று பிரித்தறிவது.

அதைப் பிரிக்க வழிகள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டருக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். அந்தச் சிலிண்டரில் எண்ணெய் எரியாது. பிஸ்டனை ஓங்கி அழுத்தும் விசை இருக்காது. அப்போது சத்தம் அடங்கினால் அந்தச் சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங்கில் இடைவெளி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அடங்காமல் அடியிலிருந்து கனமாக வந்தால் மெயின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் மறைந்தால் பிஸ்டன் தேய்ந்திருக்கிறது. சூட்டில் அது விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. டேப்பெட் சத்தம் எஞ்சினின் பாதி வேகத்தில்தான் கேட்கும், ஏனென்றால் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது இந்த வேலையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வேறு எந்தக் கருவியும் இத்தனை காலம் இத்தனை பட்டறைகளில் தாக்குப்பிடித்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

எஞ்சினுக்கு வெளியே தேடுவது வேறு கதை. பேருந்துகளின் கூடு சால்டரின் மேற்பார்வையில் திருவனந்தபுரத்தின் சாக்கைப் பகுதியில் இருந்த பட்டறையில் கட்டப்பட்டது. உள்ளூரில் கட்டிய கூடு, சேஸியோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும்போது எங்கே எது தளர்கிறது என்பதைக் கட்டியவர்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அடியில் வில்லுப்பட்டைகள். அவற்றைத் தாங்கும் ஷாக்கிள் பின்னுக்கு நேரத்துக்கு கிரீஸ் அடிக்காவிட்டால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து, பள்ளத்துக்குப் பள்ளம் அடிக்கும். யு-போல்ட் தளர்ந்தால் பட்டையே அச்சின் மேல் நகரும். கியர் போட்டு கிளட்சை விடும்போது ஒரே ஒரு ‘டொக்’ கேட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ், அதாவது யுனிவர்சல் ஜாயின்ட், போய்விட்டது. திவான் சி. பி. ராமசாமி ஐயர் காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை போட்ட கான்கிரீட் சாலை, தேடுகிறவனுக்கு இன்னொரு சிக்கலையும் தந்திருக்க வேண்டும். கான்கிரீட் பாளங்களின் இணைப்பில் சக்கரம் ஏறும்போதெல்லாம் ஒரே சீராக ஓர் அடி கேட்கும். அது சாலையின் சத்தம். மண் சாலையில் இறங்கியும் தொடர்ந்தால்தான் வண்டியின் சத்தம்.

இந்தக் கதையில் திருவிதாங்கூருக்கு இன்னொரு பங்கும் உண்டு, அது ரப்பர். இந்தியாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1902-இல் பெரியாற்றங்கரையில், தட்டேக்காட்டில் தொடங்கியது. நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி இன்றும் கேரளத்து மரங்களில் வடிகிற பால்தான். இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே ரப்பரை அழுத்தி ஒட்டவைத்த புஷ் வந்த பிறகு, கிரீஸ் கேட்கும் பின்கள் கார்களில் குறைந்தன. பட்டறைக்காரர்கள் அதைச் ‘சைலன்ட் பிளாக்’ என்பார்கள். இரும்பு இரும்பை உரசாமல், ரப்பர் முறுக்கிக்கொண்டு அசைவை ஏற்கிறது. வண்டி அமைதியானது. ஆனால் ரப்பருக்கு எண்ணெய் பகை, வெயில் பகை. வெடித்துக் கிழிந்தபின் உள்குழாய் வெளிக்குழாயில் மோதும்போது வரும் சத்தம், பழைய பின் தேய்ந்த சத்தத்தைப் போலக் கணீரென்று இருக்காது. ‘டொப்’ என்று மந்தமாக இருக்கும். அது தகட்டு உடலெங்கும் பரவிவிடுவதால் முன்னாலா பின்னாலா என்றே தெரியாது. ரப்பர் வந்ததும் சத்தங்கள் குறைந்தன. மிஞ்சியவற்றைத் தேடுவது கடினமாயிற்று.

இந்த மாற்றம் நகரத்துக்கு வந்ததை ஒரு காரிலேயே பார்க்கலாம். மகாராஜா சித்திரைத் திருநாளின் தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் சிஏஎன் 42 என்ற எண் கொண்ட மெர்சிடஸ் பென்ஸ் 180, பட்டம் அரண்மனையில் பல பத்தாண்டுகள் இருந்தது. அந்த மாடல் 1953-இல் ஜெர்மனியில் அறிமுகமானது. தனிச் சேஸியை விட்டுவிட்டு, உடலே சட்டமாக நிற்கும்படி அந்த நிறுவனம் கட்டிய கார் அது. முன்சக்கர அமைப்பு முழுவதும் ஒரு துணைச் சட்டத்தில் இருக்க, அந்தச் சட்டம் ரப்பர்த் தாங்கிகள் மூலம் உடலோடு பிணைக்கப்பட்டிருந்தது. சாலையின் அதிர்வு உள்ளே உட்கார்ந்திருப்பவரை எட்டாமல் தடுக்கும் ஏற்பாடு. அந்தத் தாங்கிகளில் ஒன்று தளர்ந்தால் முன்பகுதி முழுவதும் ஒன்றாக அடிக்கும். சக்கரத்தைத் தனியாகப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறவருக்கு எதுவும் கிடைக்காது.

சாதாரண மக்கள் கையில் இதைவிடத் தந்திரமான வண்டி ஒன்று சென்னையிலிருந்து வந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பிறவி அது. அதே சேஸியைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. ஆகவே இந்தியச் சாலைகளில் ஓடிய ஹெரால்டின் அடிவயிற்றில் இருந்தது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் எலும்புக்கூடுதான். சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1953-இல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியது தற்செயல் என்று சொல்ல முடியாது.

அம்பாசடரையும் ஃபியட்டையும் பார்த்துப் பழகிய மெக்கானிக்குக்கு ஹெரால்டு ஒரு புதிர். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இல்லை. டிஃபரன்ஷியல் சேஸியில் நிலையாக நிற்க, இருபுறமும் அரையச்சுகள் தனித்தனியே ஆடுகின்றன. மேலே குறுக்காக ஒரே ஒரு வில்லுப்பட்டை. அரையச்சின் உள்முனையில் கிராஸ், வெளிமுனையில் புஷ்கள், முன்னோக்கி இழுத்துப் பிடிக்க ஒரு கை, அதற்கும் புஷ்கள். முன்சக்கரங்களின் கீழே பித்தளைத் திருகுமுனை ஒன்று இருக்கிறது. அதற்கு கியர் எண்ணெய் விட வேண்டும். கையில் கிரீஸ் கன் இருக்கிறதே என்று கிரீஸ் அடித்தவர்கள் பலர். அது மரைக்குள் சரியாகப் போய்ச் சேராமல் தேய்மானம் கூடியது. பானெட்டோ இரு பக்க மட்கார்டுகளோடும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறப்பது. அதன் பக்கக் கொக்கி சற்றே தளர்ந்தால் போதும், சஸ்பென்ஷனே உடைந்ததுபோலக் கேட்கும். உடலும் ஒரே தகடாக இல்லை. துண்டுதுண்டாகச் செய்து சேஸி மேல் போல்ட் போட்டு முடுக்கியது.

ஒரு சத்தத்துக்கு இத்தனை பிறப்பிடங்கள். 1972-இல் வந்த அடுத்த மாடலான கெஸலில் இந்த ஆடும் அரையச்சுகளை எடுத்துவிட்டு ஒரே திட அச்சைப் போட்டார்கள். பழைய அமைப்பு இந்திய மெக்கானிக்குகளுக்கு ஒத்துவரவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. இங்கிலாந்திலும் இதே அரையச்சுகள் ஸ்பிட்ஃபயரின் வளைவுகளில் தொல்லை கொடுத்தன. 1970-இல் அங்கே வில்லுப்பட்டையின் பிணைப்பை மாற்றிச் சமாளித்தார்கள். ஒரே அமைப்புக்கு இரண்டு நாடுகள் இரண்டு பதில் தந்தன. சென்னையின் பதில், பட்டறைகள் சொன்னதை ஒரு கார்த் தொழிற்சாலை காதுகொடுத்துக் கேட்ட அபூர்வமான தருணம் என்பதால் அது பதிவில் நிற்க வேண்டியது.

அப்படியானால் அந்த ‘டொக்’கை எப்படித் தேடினார்கள்? திருவனந்தபுரத்திலும் நாகர்கோவில் பக்கத்திலும் ஆசான் என்று அழைக்கப்படும் மூத்த மெக்கானிக்குகளின் முறை, ஸ்பானரைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்பதில் தொடங்கும். பிரேக் பிடிக்கும்போதா, விடும்போதா? திருப்பத்திலா, நேர்ச்சாலையிலா? ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதா, இரண்டும் சேர்ந்து இறங்கும்போதா? இந்தக் கடைசிக் கேள்விக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு சக்கரமும் சமமாக ஏறி இறங்கினால், இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைஸர் பாருக்கு வேலை கிடையாது. ஒன்று மட்டும் ஏறினால்தான் அது முறுக்கிக்கொள்ளும். வேகத்தடையில் பேசாமல் இருந்து, ஒரு பக்கக் குழியில் மட்டும் தட்டுகிற காரில் முதலில் அந்த பாரின் லிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். லிங்கைக் கழற்றி வைத்துவிட்டு மெதுவாக ஒரு சுற்று ஓட்டினால் தீர்ப்பு வந்துவிடும். பிரேக்கை லேசாக மிதித்தபடி குழியைக் கடக்கும்போது சத்தம் நின்றால், காலிப்பர் பின்னிலோ பேடிலோ ஆட்டம். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ் எல்லாவற்றையும் டிக்கியிலிருந்து இறக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பது இவை அனைத்துக்கும் முந்தைய படி. எளிமையானது என்பதாலேயே பலர் தவறவிடுவதும் அதைத்தான்.

ஸ்போர்ட்ஸ் காரில் இந்தத் தேடல் இன்னும் கடுமையாகிறது. ஸ்பிரிங் விறைப்பு, டயர் தட்டை, உயரம் குறைவு. சாதாரணக் காரில் மெத்தென்று அமுங்கிவிடும் சிறு ஆட்டமும் இதில் இருக்கைவரை வந்து தட்டும். ஒரு முறைக்கு ஒரே பாகத்தை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, அதன் பிறகே அடுத்ததைத் தொடும் பொறுமை இங்கே அவசியம். சந்தேகப்பட்ட பாகம் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிட்டு பில் போடும் வழக்கம் இன்று பரவியிருக்கிறது. அதில் சத்தம் போகலாம். எது காரணம் என்பது உரிமையாளருக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது. ஒரு தொழிலின் அறிவு இப்படித்தான் கரைகிறது.

கருவிகளும் வந்துவிட்டன. கிளிப் மாட்டிய சிறு மைக்குகளை சஸ்பென்ஷனின் பல இடங்களில் கவ்வவைத்து, ஓடும் வண்டியில் ஹெட்ஃபோனில் ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்கலாம். எஞ்சின் இரைச்சல் மறைத்துவைத்திருந்ததை மின்சார வண்டிகள் வெளியே கொண்டுவந்துவிட்டன. 2022 முதல் திருவனந்தபுரம் நகருக்குள் ஓடும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் (கேஎஸ்ஆர்டிசி) மின்சாரப் பேருந்துகளில் டீசலின் தட்டல் இல்லை. பேட்டரியின் பாரமோ புஷ்களின் மேல் கூடுதலாக இறங்குகிறது.

புதுப் பாகம் போட்டும் சில வாரங்களில் அதே சத்தம் திரும்பிவரும் கார்களுக்கு, தேர்ந்த ஆசான்கள் முதலில் பார்ப்பது போல்ட்டை எந்த நிலையில் முடுக்கினார்கள் என்பதை. காரை லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும்போதே ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே சிறைப்படுகிறது. ஒவ்வொரு குழியிலும் அந்த முறுக்கு இன்னும் கூடி, ரப்பர் சீக்கிரமே கிழிகிறது. போல்ட்டைக் கைமுறுக்கில் விட்டு, காரை நான்கு சக்கரத்தில் நிறுத்தி, இரண்டு மூன்று முறை அமுக்கி எழவிட்டு, பாரம் முழுதும் இறங்கிய பிறகே கடைசி முறுக்கைக் கொடுக்க வேண்டும். ஹெரால்டைப் பழுதுபார்த்த காலத்திலும் இதே விதிதான். இன்றைய பட்டறையில் அந்தக் கடைசி முறுக்கு எவ்வளவு என்பதை டார்க் ரெஞ்ச் காட்டிவிடுகிறது.