ஆஃப்செட் ஒப்பந்தங்களும் திருச்சியின் பாதுகாப்புத் தொழிலும்

ஆஃப்செட் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் பலருக்குச் சிவகாசி அச்சகங்கள்தாம் நினைவுக்கு வரும். பாதுகாப்புத் துறையில் இச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு நாடு வெளிநாட்டு நிறுவனத்திடம் போர் விமானமோ ஏவுகணையோ வாங்கும்போது, அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு ஈடாக, விற்பவர் வாங்கும் நாட்டின் தொழிற்சாலைகளுக்கு வேலை தர வேண்டும், அல்லது முதலீடோ தொழில்நுட்பமோ தர வேண்டும் என்று விதிக்கும் உடன்பாடே ஆஃப்செட் ஒப்பந்தம். தமிழில் இதனை ஈடுசெய் ஒப்பந்தம் எனலாம். ரூ.1,000 கோடி கொள்முதலில் ஆஃப்செட் 30% என்றால், விற்பவர் ரூ.300 கோடி மதிப்புக்கு இங்கே ஏதேனும் செய்து காட்ட வேண்டும்.

கொடுத்த பணத்தில் கொஞ்சமாவது வீடு திரும்பட்டும் என்ற எண்ணம்தான் இதன் அடிப்படை. ஆனால் இந்த ஏற்பாட்டை வாங்குபவர்களைவிட விற்பவர்களே விரைவாகக் கற்றுக்கொண்டார்கள்.

தோற்றம்

இதற்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது 1975-இல் நடந்த எஃப்-16 விற்பனை. பெல்ஜியம், நெதர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து 348 போர் விமானங்கள் வாங்க முன்வந்தன. பிரான்சின் மிராஜ், சுவீடனின் விக்கன், அமெரிக்காவின் எஃப்-16 ஆகியவை போட்டியிட்டன. நூற்றாண்டின் பெரும் பேரம் என்று அன்றைய பத்திரிகைகள் இதை அழைத்தன. எஃப்-16 விமானத்தைத் தயாரித்த ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம் கொடுத்த வாக்கு இது: இந்த நான்கு நாடுகளும் வாங்கும் விமானங்களின் மதிப்பில் 40% வேலை அவர்களின் தொழிற்சாலைகளுக்கே, அமெரிக்க விமானப்படைக்காகச் செய்யப்படும் 650 விமானங்களில் 10% வேலை அவர்களுக்கு, பிற நாடுகளுக்கு விற்பதில் 15% அவர்களுக்கு. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் விமானத்தைப் பூட்டிச் சேர்க்கும் ஆலைகள் இயங்கின.

வாங்குபவரே பங்காளியாகிவிட்டால், அந்த விமானம் மேலும் விற்க வேண்டும் என்பது அவருடைய விருப்பமாகவும் ஆகிவிடுகிறது. எஃப்-16 பின்னர் உலகெங்கும் விற்றது.

ஆயுத விற்பனையில் இந்த உத்திக்கு இன்னொரு வசதியும் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாடு ஆஃப்செட்டைத் தடை செய்கிறது. ஆனால் நாட்டின் பாதுகாப்பு தொடர்பான கொள்முதலுக்கு விலக்கு இருக்கிறது. மற்ற வணிகத்தில் செய்ய முடியாததைப் பாதுகாப்புத் துறையில் வெளிப்படையாகவே செய்யலாம்.

விமானத்தை விற்கும் பெரிய நிறுவனத்துக்கு மட்டுமன்று, அதற்கு எஞ்சினோ ரேடாரோ தரும் இரண்டாம் நிலை நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எந்தப் போட்டியில் யார் வென்றாலும், வாங்கும் நாட்டில் ஏற்கெனவே நல்ல ஆலைத் தொடர்பு வைத்திருக்கும் துணை நிறுவனம் தன் மதிப்பைக் கூட்டிக்கொள்கிறது. குறைந்த கூலியில் தரமான உதிரிப்பாகம் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால், ஆஃப்செட் கடமை முடிந்த பிறகும் அங்கே வாங்குவது அவர்களுக்கே ஆதாயம்.

தென்கொரியாவின் பாடம்

வாங்குபவர் உறுதியாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தென்கொரியா சான்று. 1990களின் தொடக்கத்தில் அந்நாடு 120 எஃப்-16 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அதன் ஈடாக அது முதன்மையாகக் கேட்டது உதிரிப்பாக ஆர்டர் அன்று. விமானம் வடிவமைக்கக் கற்றுத்தர வேண்டும் என்பதே. அதன் விளைவாக உருவான டி-50 பயிற்சி விமானம் 2002-இல் முதன்முதலாகப் பறந்தது. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனமும் அதன் உருவாக்கச் செலவில் ஒரு பங்கை ஏற்றது. இன்று அதன் வகைகளை இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஈராக், போலந்து ஆகியவை வாங்கியுள்ளன. முன்பு ஆஃப்செட் கேட்ட நாடு, இப்போது பிற நாடுகளுக்கு ஆஃப்செட் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

இந்தியாவில்

இந்தியா நெடுங்காலம் வேறு வழியில் சென்றது. உரிமம் பெற்று இங்கேயே தயாரிப்பது அந்த வழி. ஆவடியில் விஜயந்தா, பின்னர் டி-72 டாங்கிகள், நாசிக்கில் மிக்-21 எல்லாம் அப்படி உருவானவை. 2005-இல் விஜய் கேல்கர் குழு ஆஃப்செட் முறையைப் பரிந்துரைத்தது; அதே ஆண்டின் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறையில் அது இடம்பெற்றது. ரூ.300 கோடிக்கு மேற்பட்ட இறக்குமதிக்குக் குறைந்தது 30% ஆஃப்செட் என்பது விதி. 2008-இல், கூடுதலாகச் செய்த வேலையைக் கணக்கில் சேர்த்துவைத்து அடுத்த ஒப்பந்தத்துக்குப் பயன்படுத்தும் வசதி வந்தது. 2012 விதிகள் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களிடம் வாங்கினால் 1.5 மடங்காகக் கணக்கிடலாம் என்றன. அதாவது சிறு பட்டறையிடம் ரூ.100 கோடிக்கு வாங்கினால் ரூ.150 கோடிக்கு வாங்கியதாக எழுதிக்கொள்ளலாம். சிறு தொழிலுக்கு ஊக்கம் என்ற பெயரில் வந்த இச்சலுகை, விற்பவரின் சுமையையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்பதைக் கணக்குத் தெரிந்த மாணவர் உடனே காண்பார்.

தமிழ்நாட்டுக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு அரக்கோணத்தில் இருக்கிறது. 2009 ஜனவரியில் போயிங் நிறுவனத்திடம் 8 பி-8ஐ கடற்காவல் விமானங்கள் வாங்க ஒப்பந்தமானது. மதிப்பு சுமார் 210 கோடி டாலர். 2013 மே மாதம் முதல் விமானம் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் வந்திறங்கியது. அந்த விமானங்களில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த தகவல் இணைப்புக் கருவி, எச்.ஏ.எல். செய்த ஆயுத அறைக் கதவுகள், டைனமேடிக் நிறுவனம் செய்த கருவிப் பெட்டிகள் எல்லாம் பொருத்தப்பட்டன. டைனமேடிக் பின்னர் சினூக் ஹெலிகாப்டருக்கும் பாகங்கள் செய்யத் தொடங்கியது. ஆஃப்செட்டில் தொடங்கிய உறவு வணிகமாக நிலைத்ததற்கு இது நல்ல சான்று. ஹைதராபாதில் டாட்டா-போயிங் ஆலை அப்பாச்சி ஹெலிகாப்டரின் உடற்பகுதியைச் செய்வதும் இவ்வகையில் சேரும்.

எனினும் இந்திய முறையில் ஓர் அடிப்படைக் கோளாறு இருந்தது. பல நாடுகளில் ஆஃப்செட் திட்டத்துக்கு மதிப்பெண் உண்டு. சிறந்த திட்டம் தருபவருக்கு ஒப்பந்தம் கிடைக்கும் வாய்ப்பு கூடும். இந்தியாவில் அது தேர்ச்சியா இல்லையா என்ற தேர்வு மட்டுமே. விதிப்படி 30% எழுதிக்கொடுத்தால் போதும், பிறகு குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். நூற்றுக்கு முப்பத்தைந்து வாங்கினாலும் தொண்ணூறு வாங்கினாலும் ஒன்றுதான் என்றால், எந்த மாணவன் இரவு கண்விழித்துப் படிப்பான்? நிறுவனங்களும் அப்படித்தான் நடந்துகொண்டன.

தணிக்கை காட்டிய கணக்கு

2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை இதை எண்களில் காட்டியது. 2005 முதல் 2018 மார்ச் வரை ஒப்புக்கொள்ளப்பட்ட ஆஃப்செட் ரூ.66,427 கோடி. 2018 டிசம்பருக்குள் முடித்திருக்க வேண்டியது ரூ.19,223 கோடி. முடித்துவிட்டதாக நிறுவனங்கள் சொன்னது ரூ.11,396 கோடி. அமைச்சகம் ஏற்றுக்கொண்டதோ ரூ.5,457 கோடி. நூறு ரூபாய் வாக்குக்கு ஏறத்தாழ இருபத்தெட்டு ரூபாய்தான் தேறியது.

ஒப்பந்தம் பெறுவதற்காக வாக்குக் கொடுத்துவிட்டு, பெற்ற பின் அக்கறை காட்டவில்லை என்பதே தணிக்கையின் முடிவு. உயர் தொழில்நுட்பம் ஒன்றுகூடக் கைமாறியதாக அதற்குத் தெரியவில்லை. 36 ரஃபேல் விமானங்களுக்கான 2016 ஒப்பந்தத்தில் ஆஃப்செட் 50%. அதில் ஒரு பகுதியை டி.ஆர்.டி.ஓ. அமைப்புக்குத் தொழில்நுட்பம் தந்து நிறைவேற்றுவதாக முன்மொழியப்பட்டிருந்தது. உள்நாட்டுப் போர் விமான எஞ்சினான காவேரிக்கு உதவி வேண்டும் என்று டி.ஆர்.டி.ஓ. கேட்டது, அதற்கு உறுதியான பதில் அதுவரை வரவில்லை என்று அறிக்கை பதிவு செய்தது. காவிரியின் பெயர் தாங்கிய எஞ்சினுக்கே இந்த நிலை.

திருச்சிராப்பள்ளி

திருச்சியில் மேற்கே தில்லை நகரும் ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கமும் வீடுகளும் கடைகளும் கோயிலுமாக இருக்க, பெரிய ஆலைகள் தஞ்சாவூர் சாலைப் பக்கம் எழுந்தன. 1960களில் செக்கோஸ்லோவாகிய உதவியுடன் பெல் கொதிகலன் ஆலை தொடங்கியது. 1966-இல் மக்கள் துப்பாக்கித் தொழிற்சாலை என்று அழைக்கும் படைக்கலத் தொழிற்சாலை வந்தது. பின்னர் டாங்கிக் குண்டுகளுக்கான கன உலோகக் கலவை ஆலையும் சேர்ந்தது. பெல் ஆலையை நம்பித் துவாக்குடியிலும் சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் தோன்றின. உயர் அழுத்தக் குழாய்களை வெல்டிங் செய்யும் திறமைக்கு இவ்வூர்த் தொழிலாளர்கள் பெயர்பெற்றவர்கள்.

2010களில் அனல் மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கவே இப்பட்டறைகள் தத்தளித்தன. அந்த நேரத்தில்தான் 2018 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவிக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி ஆகியவை தமிழ்நாட்டின் ஐந்து முனைகள். 2019 ஜனவரி 20 அன்று திருச்சியிலேயே அதைத் தொடங்கிவைத்தவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன். இவ்வூர் சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் படித்தவர். அன்று அறிவிக்கப்பட்ட முதலீடு ரூ.3,000 கோடிக்கும் மேல். அதில் பெரும்பங்கு அரசின் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்துடையது.

வெளிநாட்டு நிறுவனங்களின் ஆஃப்செட் வேலை துவாக்குடிக்கு ஏன் எளிதில் வந்து சேர்வதில்லை? கொதிகலன் வேலை டன் கணக்கில் எஃகு. விமான வேலை அலுமினியமும் டைட்டானியமும், மைக்ரான் அளவில் துல்லியம். அதற்கு ஐந்து அச்சு சி.என்.சி. எந்திரம் வேண்டும், விமானத் தொழிலுக்கான ஏ.எஸ். 9100 தரச்சான்று வேண்டும். மாதிரிப் பாகம் ஏற்கப்படும் வரை வருமானமின்றிக் காத்திருக்கும் பணபலம் வேண்டும். வங்கிக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைக்காரரால் அது எளிதன்று. கடமையை விரைவில் கழிக்க விரும்பும் வெளிநாட்டு நிறுவனமும், ஏற்கெனவே விமானப் பாகம் செய்து பழகிய பெங்களூரு, ஹைதராபாத் ஆலைகளையே நாடும். 1.5 மடங்குச் சலுகை இந்த இடைவெளியை நிரப்பப் போதுமானதாக இல்லை.

இதற்கிடையில் விதிகளும் இறுகின. 2016-இல் ஆஃப்செட்டுக்கான வரம்பு ரூ.2,000 கோடியாக உயர்ந்தது. 2020-இன் புதிய கொள்முதல் நடைமுறை, அரசுக்கு அரசு நடக்கும் கொள்முதலுக்கும் ஒரே விற்பனையாளர் உள்ள கொள்முதலுக்கும் ஆஃப்செட் தேவையில்லை என்றது. ஆஃப்செட்டுக்கு ஆகும் செலவை விற்பவர்கள் விலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள் என்பது அதிகாரிகள் கூறிய காரணம். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் இந்தியாவின் பெரிய கொள்முதல்களில் பல அரசுக்கு அரசாகவே நடப்பவை என்பதால், பட்டறைகள் எதிர்பார்த்திருந்த வாசலில் பெரும்பகுதி அடைபட்டது.

2021 அக்டோபர் 1 முதல் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தது. திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் உரிய 12.7 மி.மீ. தொலைகட்டுப்பாட்டுத் துப்பாக்கியை அது இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத்திடம் தொழில்நுட்பம் பெற்றுத் தயாரிக்கிறது. அத்தொழில்நுட்பம் வந்த வழி ஆஃப்செட் அன்று. விஜயந்தா காலத்து உரிமத் தயாரிப்பு முறையின் தொடர்ச்சியே அது.