ஒரே பானையில் உண்பது: பிடியரிசிக் காணிக்கையும் சிறுமையின் இறையியலும்

கையில் உள்ள சிறிதைக் கொண்டு கடவுளை நம்புதல் என்றதும், ஐந்து அப்பமும் இரண்டு மீனுமே மேற்கோளாக வருகின்றன. கொடுத்தது பெருகும் என்பதே அதிலிருந்து பெறப்படும் பாடம். வேப்பந்தட்டை போன்ற மானாவாரிப் பகுதியில் இவ்விளக்கம் போதாது. பருவமழையை எதிர்பார்த்துப் பருத்தியும் மக்காச்சோளமும் விதைக்கும் குடும்பத்துக்குப் பெருக்கம் இரண்டாம் கவலை. அடுத்த வெள்ளாமை வரை தட்டுப்பாடின்றி இருப்பதே முதற்கவலை.

இக்கவலையோடு நேரே பேசுவது சாறிபாத் விதவையின் வரலாறு (1 இராஜாக்கள் 17). பஞ்ச காலத்தில் பானையில் ஒரு பிடி மாவு மட்டுமே வைத்திருந்தவள் தீர்க்கதரிசி எலியாவுக்கு முதலில் அடை சுட்டுக் கொடுக்கிறாள். அதனால் அவள் வீடு களஞ்சியமாகிவிடவில்லை. மழை பெய்யும்வரை மாவு தீராமல் இருந்தது, அவ்வளவே. நம்பிக்கைக்கு இங்கே அளவுகோல் மிகுதி அன்று, போதுமான அளவே.

தமிழ்க் கிறித்தவர் இதற்குக் கண்ட நடைமுறை வடிவம் பிடியரிசி. உலைக்கு அரிசி எடுக்கும்போதே ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பார்கள். மிசோரத் திருச்சபையில் இதே வழக்கம் 1910இல் தொடங்கியது. சொத்தோ கூலிப் பணமோ தன் பெயரில் இல்லாத பெண்ணும் இதில் கொடையாளி ஆகிறாள் என்பதே இதன் சிறப்பு.

கொடுப்பவர் யார் என்ற இக்கேள்வி நிறுவன அளவிலும் எழுந்தது. 1901இல் டோனாவூரில் பணி தொடங்கிய ஏமி கார்மைக்கேல், பொதுமக்களிடம் பணம் கேட்பதில்லை என்ற நெறியைக் கைக்கொண்டார். 1903இல் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கமோ உள்ளூர்ச் சபையாரிடமே கேட்டது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. தோர்ணக்கல் பகுதிக்கு அது ஊழியர்களை அனுப்பியது. இரண்டும் நம்பிக்கையின் வழிகளே. ஆனால் இரண்டாவது வழியில்தான், வெளிநாட்டார் கொடையைப் பெற்றுவந்த சபையார் கொடுப்பவராகவும் நிர்வகிப்பவராகவும் மாறினர்.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். ஏழையிடம் கேட்பது சுரண்டல் ஆகாதா? விதவையின் இரண்டு காசு (மாற்கு 12) பாராட்டா, புலம்பலா என்று விவிலிய அறிஞர் அடிசன் ரைட் 1982இல் கேட்டார். விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிப்பது அக்காட்சிக்குச் சற்று முன்தான் என்பது அவர் வாதத்துக்கு அடிப்படை. இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது. காணிக்கையை மட்டும் போற்றி, அதைப் பெறும் அமைப்பைக் கேள்வி கேட்காத பிரசங்கம் வேதபாரகர் பக்கமே நிற்கிறது.

விடை சாறிபாத்திலேயே உள்ளது. எலியா வாங்கிக்கொண்டு போய்விடவில்லை; அவ்வீட்டிலேயே தங்கி, அவளும் மகனும் உண்ட பானையிலேயே தாமும் உண்டார். மாவு தீர்ந்திருந்தால் அவரும் பட்டினிதான். ஆகவே ஏழையின் கொடையை நம்பிக்கை என்று அழைக்க இரண்டு நிபந்தனைகள் தேவை: பெறுபவர் கொடுப்பவரின் தட்டுப்பாட்டில் பங்குகொள்ள வேண்டும், சேர்ந்த அரிசியின் கணக்கு, அதைப் பிடி பிடியாகக் கொடுத்த பெண்களின் முன் வைக்கப்பட வேண்டும். இவை இல்லாத இடத்தில் கடவுளை நம்பச் சொல்வது, ஏழையின் பொறுமையை நம்பிப் பிழைப்பதாகவே முடியும்.